பாட்டா, கச்சானா? உளவியல் பரிசோதனையில் மாறிகளைப் பிரித்தறிதல்

வெக்கையைக் கொண்டுவரும் கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்த ஒரு பின்னேரம், முன்பு என்னிடம் அளவையியல் படித்த பிள்ளை ஒருத்தி மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். உளவியல் பாடத்துக்குச் சின்னதாக ஒரு பரிசோதனை செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்களாம். கையில் எண்பது பக்கக் கொப்பி, முகம் கொள்ளாத சந்தோசம்.

"மிஸ், படிக்கக்குள்ள பாட்டுக் கேட்டா ஞாபகம் கூடுது. செய்து பாத்திட்டன்."

தான் படித்த பள்ளிக்கூடத்துக்கே போய், அதிபரிடம் அனுமதி கேட்டு, பத்தாம் தரத்தில் இரண்டு வகுப்புகளை எடுத்திருக்கிறாள். இரண்டுக்கும் ஒரே இருபது சொற்களை வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஒரு வகுப்பில் பின்னணியில் பாட்டு, மற்றதில் இல்லை. ஐந்து நிமிடம் கழித்து, ஞாபகமுள்ள சொற்களை எழுதச் சொல்லியிருக்கிறாள். பாட்டுக் கேட்ட வகுப்புத்தான் கூட எழுதியிருந்தது.

"எத்தனையாம் பாடத்தில செய்த நீ?"

"பாட்டுப் போட்ட வகுப்புக்கு முதலாம் பாடம் மிஸ். மற்றதுக்குக் கடைசிப் பாடம்தான் தந்தாங்க."

"கடைசிப் பாடம் எண்டா ஒரு மணி. இந்தக் கச்சானுக்குள்ள, தகரக் கூரைக்குக் கீழ. மறுகா, அந்தப் புள்ளைகள் மறந்தது பாட்டு இல்லாததாலயா, வெக்கையாலயா?"

அவள் கொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு விளக்கு வைக்கும் நேரம்வரை இருந்து கதைத்தோம். உளவியலைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்தக் கதையையே இங்கே விரித்து எழுதுகிறேன்.

மாறி என்ற சொல்லைக் கேட்டதும் கணித வகுப்பின் எக்ஸ், வை நினைவுக்கு வந்து பலர் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆளுக்கு ஆளோ நேரத்துக்கு நேரமோ வேறுபடக்கூடியதாகவும், அந்த வேறுபாட்டை ஏதோவொரு வகையில் குறித்துக்கொள்ளக்கூடியதாகவும் இருக்கிற எதுவும் மாறிதான். வயது, நேற்று நித்திரை கொண்ட மணித்தியாலம், பரீட்சைப் பயம், வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு உள்ள தூரம், எல்லாமே. அந்தப் பிள்ளையின் பரிசோதனையில் எல்லாரும் பத்தாம் தரம். ஆகவே அங்கே 'தரம்' மாறி அல்ல, மாறிலி. ஒன்பதாம் தரத்தையும் சேர்த்திருந்தால் அந்த நிமிடமே அது மாறியாகியிருக்கும்.

பரிசோதனை செய்பவர் வேண்டுமென்றே தன் கையால் மாற்றுவதைச் சாரா மாறி என்கிறோம். அதனால் என்ன நடக்கிறது என்று காத்திருந்து அளப்பது சார்ந்த மாறி. சில பாடக்குறிப்புகளில் சுயாதீன மாறி, தங்கியிருக்கும் மாறி என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான். இங்கே பாட்டு சாரா மாறி, எழுதிய சொற்களின் எண்ணிக்கை சார்ந்த மாறி. குழப்பம் வந்தால் ஒரு வசனத்தை எழுதி இரண்டு இடைவெளியை நிரப்பிப் பாருங்கள்: "நான் இன்னதை மாற்றினால், இன்னதில் என்ன நடக்கிறது?" முதல் இடைவெளியில் வருவது சாரா மாறி, இரண்டாவதில் வருவது சார்ந்த மாறி.

இந்த இடத்தில் பிள்ளைகள் இரண்டு பிழைகளைத் திரும்பத் திரும்ப விடுகிறார்கள். "எனக்கு இரண்டு சாரா மாறிகள், பாட்டு உள்ளது ஒன்று, பாட்டு இல்லாதது ஒன்று" என்று எழுதுவது முதலாவது. அப்படியல்ல. மாறி ஒன்றுதான், அதற்கு நிலைகள் இரண்டு. மெல்லிய சத்தம், பலத்த சத்தம், சத்தமே இல்லை என்று வைத்தாலும் மாறி ஒன்றேதான், நிலைகள் மூன்று.

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. ஒவ்வொரு மாறிக்கும் பிறக்கும்போதே ஒரு பெயர் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். 'நித்திரை எப்போதும் சாரா மாறி' என்று பாடமாக்கி வைத்திருந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். நித்திரை குறைந்தால் கணக்கில் பிழை கூடுமா என்று கேட்டால் நித்திரை சாரா மாறி. இரவில் போன் பார்த்தால் நித்திரை குறையுமா என்று கேட்டால் அதே நித்திரை சார்ந்த மாறி. எங்கள் ஊர்க் கூத்தில் ஒரு வருடம் அருச்சுனனாக ஆடியவர் அடுத்த வருடம் துரியோதனனாகக் களரிக்கு வருவார். ஆள் அதே ஆள்தான். யாருக்கு எந்த வேடம் என்பதைக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தீர்மானிக்கிறார். பரிசோதனையில் அந்த வேலையைச் செய்வது நீங்கள் கேட்கும் கேள்வி.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 'ஞாபகம்' என்பதை யாரும் கண்ணால் கண்டதில்லை. வாவியில் மீன் இருப்பதை நீர் கலங்குவதைப் பார்த்து ஊகிப்பதுபோல, மனத்தில் இருப்பதை வெளியே தெரியும் ஏதோவொன்றைக் கொண்டுதான் அறிய வேண்டியிருக்கிறது. எதைப் பார்க்கப்போகிறோம், எப்படி எண்ணப்போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பதற்குப் பெயர் செயல்முறை வரைவிலக்கணம். பெயர் கனமாக இருந்தாலும் வேலை எளிமையானது.

அவளுடைய கொப்பியைப் புரட்டியபோது ஒரு தாளில் கண் நின்றது. 'தோணி' என்ற சொல்லை ஒரு பையன் 'தோனி' என்று எழுதியிருந்தான். சரி போட்டிருந்தாள். நாலைந்து தாள் தள்ளி, மற்ற வகுப்பில் ஒரு பிள்ளை 'இறால்' என்பதை 'இரால்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பிழை போட்டிருந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை. அன்று பின்னேரம் களைப்பாக இருந்ததாம். ஆனால் அந்த ஒரு கோட்டால் ஒரு வகுப்பின் ஞாபகம் கூடிவிட்டது, மற்ற வகுப்பினது குறைந்துவிட்டது. 'எழுத்துப்பிழை இருந்தாலும் சொல் இன்னதென்று விளங்கினால் ஒரு புள்ளி' என்று முதலே எழுதிவைத்திருந்தால் இது நடந்திருக்காது.

பாட்டுக்கும் இதே கவனம் வேண்டும். சொற்கள் உள்ள பாட்டா, வெறும் இசையா? எவ்வளவு சத்தம்? முன்வரிசைப் பிள்ளைக்குக் கேட்டது பின்வரிசைக்கும் கேட்டதா? ஞாபகம் என்பதும் ஒரு வகை அல்ல. வெறும் தாளில் நினைத்து எழுதச் சொல்வது நினைவுகூரல். நாற்பது சொற்களைக் கொடுத்து முன்பு கேட்டவற்றுக்கு அடையாளமிடச் சொல்வது இனங்காணல். சொல்லை வாயில் கொண்டுவர முடியாத ஒருவர் பட்டியலில் கண்டதும் பிடித்துவிடுவார். ஆகவே எதை அளந்தீர்கள் என்று சொல்லாமல் 'ஞாபகம் கூடியது' என்று மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

நினைவாற்றலைப் பரிசோதனை முறையில் ஆராயத் தொடங்கியவர் ஜேர்மனியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ். 1885இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் பங்குபற்றியவர் அவர் ஒருவர் மட்டுமே. பழகிய சொற்கள் வேண்டாம் என்று தீர்மானித்து, மெய்-உயிர்-மெய் என்ற அமைப்பில் ஏறத்தாழ 2,300 அர்த்தமற்ற அசைகளை உண்டாக்கினார். ஏனென்றால் அர்த்தமுள்ள சொல் தனியாக வராது. பழைய நினைவு ஒன்றையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும். மீன்பிடிக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் 'தோணி' மறக்குமா? வயல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு 'வரம்பு' மறக்குமா? அந்தச் செல்வாக்கை அகற்றத்தான் அவ்வளவு பாடு.

இப்போது ஒரு மணி வெக்கைக்குத் திரும்பி வருவோம்.

நீங்கள் ஆராயாத, ஆனால் முடிவைத் தொடக்கூடிய எல்லாவற்றையும் புற மாறிகள் என்கிறோம். யன்னலுக்கு வெளியே காகம் கத்துவது, றோட்டில் பஸ் ஹோர்ன் அடிப்பது, ஒரு பிள்ளைக்குத் தடிமன். இவை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக விழுந்தால் முடிவு கொஞ்சம் மங்கும், ஆனால் ஒரு பக்கமாகச் சாயாது. ஒரு புற மாறி சாரா மாறியோடு கைகோத்துக்கொண்டு நடந்தால்தான் ஆபத்து. பாட்டு உள்ள இடத்திலெல்லாம் காலைக் குளிர்ச்சி, பாட்டு இல்லாத இடத்திலெல்லாம் நண்பகல் வெக்கையும் பசியும். இரண்டையும் இனிப் பிரிக்கவே முடியாது. இதுதான் குழப்பும் மாறி. சேர்ந்தபின் எந்தக் கணக்காலும் அந்தத் தரவிலிருந்து அதை வெளியே எடுக்க ஏலாது. பரிசோதனையைத் திரும்பச் செய்யத்தான் வேண்டும். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு மனவருத்தமாகத்தான் இருந்தது.

தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. அந்தப் பள்ளிக்கூடம் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் இருக்கிறது. மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து பிள்ளைகள் சிலர் பாதையில் வாவியைக் கடந்து வருகிறார்கள். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே பாதை என்பது ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. அந்தப் பிள்ளைகள் விடிய முன்னம் எழும்புகிறவர்கள், ஒரு மணியாகும்போது களைத்துப் போயிருப்பார்கள். இரண்டு வகுப்பிலும் அவர்கள் சம அளவில் இருந்தார்களா? அவளுக்குத் தெரியவில்லை. பங்குபற்றுவோர் தங்களோடு கொண்டுவருகிற இத்தகைய வேறுபாடுகளைப் பங்குபற்றுவோர் மாறிகள் என்பார்கள்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. எதை மாறாமல் வைத்திருக்க முடியுமோ அதை மாறாமல் வைத்திருப்பது முதல் வழி. இரண்டு குழுவுக்கும் ஒரே பாடவேளை, ஒரே அறை, ஒரே குரலில் வாசிப்பு. அப்படிப் பிடித்து நிறுத்தப்பட்டவை கட்டுப்பாட்டு மாறிகள். ஆனால் எல்லாவற்றையும் அப்படி நிறுத்த முடியாது. வீட்டுக் கவலையை எப்படிச் சமப்படுத்துவது? அதற்குத்தான் இரண்டாவது வழி, எழுந்தமானமாகப் பிரித்தல். வகுப்பு வகுப்பாக எடுக்காமல் எல்லாருடைய பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி இரண்டாகப் பிரித்தால், களைத்தவர்கள், கெட்டிக்காரர், கவலையுள்ளவர்கள் எல்லாரும் இரண்டு பக்கமும் கலந்து விழ வாய்ப்புண்டு. உங்கள் புத்திக்கு எட்டாத மாறிகளைக்கூட இது சிதறடித்துவிடும். எனக்கு இதைவிட அழகான உபாயம் பரிசோதனை முறையில் வேறில்லை. ஆட்கள் மிகக் குறைவாக இருந்தால் மட்டும் சீட்டு ஏமாற்றிவிடக்கூடும்.

ஒரே ஆட்களை இரண்டு நிலைகளிலும் பயன்படுத்துவது மூன்றாவது வழி. அப்போது ஒவ்வொருவரும் தன்னோடு தானே ஒப்பிடப்படுகிறார். அதிலே வரிசை என்ற புதுச் சிக்கல் உண்டு. முதல் தடவை பழகிய பழக்கம் இரண்டாம் தடவைக்குக் கைகொடுக்கும், அல்லது அலுப்பு வரும். ஆகவே பாதிப் பேருக்குப் பாட்டு முதலில், மற்றப் பாதிக்குப் பாட்டு பிறகு. சொற்பட்டியலும் வேறாக இருக்க வேண்டும்.

இவை எல்லாம் ஒன்றாகத் தெரிகிற ஒரு பரிசோதனையைச் சொல்கிறேன். எங்கள் கடலிலும் சுழியோடிகள் இறங்குவதுண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால்தான் கிடக்கிறது. நான் சொல்ல வந்தது ஸ்கொட்லாந்துச் சுழியோடிகளைப் பற்றி. டங்கன் கொடன், அலன் படெலி என்ற இருவரும் 1975இல் வெளியிட்ட ஆய்வு அது. 18 சுழியோடிகள் 36 சொற்களைக் கேட்டுப் பாடமாக்கினார்கள். சிலவேளை கரையில், சிலவேளை ஏறத்தாழ 20 அடி ஆழத்தில். பிறகு கரையிலோ தண்ணீருக்குள்ளோ அவற்றை நினைத்து எழுதினார்கள்.

சாரா மாறிகளை இங்கே எண்ணிப் பாருங்கள். கற்ற இடம் ஒன்று, நினைவுகூர்ந்த இடம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கரை, நீர் என்று இரண்டு நிலை. இரண்டையும் பெருக்கினால் நான்கு நிலைமைகள். சார்ந்த மாறி, எழுதிய சொற்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு சுழியோடியும் நான்கு நிலைமைகளுக்கும் உட்பட்டதால் 'இவருக்கு இயல்பாகவே ஞாபகசக்தி கூட' என்ற பேச்சு எடுபடாது. கரையில் கற்றுக் கரையில் எழுதியவர்கள் சராசரியாக 13.5 சொற்கள், நீருக்குள் கற்று நீருக்குள் எழுதியவர்கள் 11.4. இடம் மாறியபோது 8.6, 8.4. கற்ற இடத்திலேயே நினைவுகூர்வது எளிது என்பது அவர்கள் எடுத்த முடிவு.

அதோடு நிற்காமல் அவர்கள் அடுத்துச் செய்ததற்காகவே இந்த ஆய்வை நான் படிப்பிக்கிறேன். இடம் மாறியவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள், அல்லது ஏறினார்கள். மறந்தது இடம் மாறியதாலா, ஏறி இறங்கிய அமளியாலா? நாங்கள் வெக்கையைக் கேட்டதுபோல அவர்கள் தங்களையே கேட்டுக்கொண்டார்கள். ஆகவே இரண்டாவது பரிசோதனை ஒன்று வைத்தார்கள். கரையில் கற்றவர்களை ஒரு தடவை தண்ணீருக்குள் இறக்கி ஏற்றி, திரும்பக் கரையிலேயே எழுதச் சொன்னார்கள். இன்னொரு தடவை கரையிலேயே இருக்கவிட்டார்கள். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமளி என்ற குழப்பும் மாறி அப்படி விலக்கப்பட்டது. 2021இல் நெதர்லாந்தைச் சேர்ந்த யாப் முரே ஒரு நீச்சல் தடாகத்தில் முதற் பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது பழைய விளைவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திறந்த கடலும் தடாகமும் ஒன்றல்ல. எந்த மாறி வேறுபட்டது என்று தேடும் வேலை அங்கே புதிதாகத் தொடங்குகிறது.

எல்லாச் சாரா மாறியும் எங்கள் கையில் இல்லை. வயது, பால், தாய்மொழி ஆகியவற்றை யாருக்கும் சீட்டுக் குலுக்கிக் கொடுக்க முடியாது. எங்கள் கரையில் இதைவிட வலிக்கிற உதாரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மட்டக்களப்பிலும் நாவலடி, கல்லடிப் பக்கம் இழக்காத குடும்பம் அரிது. சுனாமியில் சிக்கியவர்களையும் சிக்காதவர்களையும் ஒப்பிட்டு மனத்துயரத்தை அளக்கலாம். அந்த ஒப்பீடு பயனுள்ளது. ஆனால் யாரும் சீட்டுக் குலுக்கி அலைக்கு முன் நிறுத்தப்படவில்லை. கடலோரம் இருந்த குடும்பங்களுக்கும் உள்ளே தள்ளி இருந்த குடும்பங்களுக்கும் தொழில், வருமானம், போரில் பட்ட இழப்பு என்று முன்பே வேறுபாடுகள் இருந்திருக்கும். அதனால் இதைப் பரிசோதனை என்று எழுதாமல் ஒப்பீட்டு ஆய்வு என்று எழுதுங்கள். 'காரணம்' என்ற சொல்லை அங்கே மிக நிதானமாகப் பயன்படுத்துங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனென்றால் அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர்கள் எங்கள் அயலவர்கள்.

பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் உதவியை மட்டும் எழுந்தமானமாகப் பகிரலாம். வட இலங்கையில் போரால் பாதிக்கப்பட்ட 399 பிள்ளைகளோடு பள்ளிக்கூடங்களில் நடந்த உளசமூக நிகழ்ச்சித்திட்டம் ஒன்றை வீற்சே டோலும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு உடனே உதவி, மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில். மொத்தமாகப் பார்த்தபோது, முக்கியமாக எதிர்பார்த்த பயன்கள் தெரியவில்லை. பிரித்துப் பார்த்தபோது கதை வேறு. ஆண்பிள்ளைகளிடம் மனவடு அறிகுறிகளும் பதகளிப்பும் கூடுதலாகக் குறைந்திருந்தன. உதவி பெற்ற பெண்பிள்ளைகளின் மனவடு அறிகுறிகள், காத்திருந்த பெண்பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுகூடக் குறையவில்லை. இங்கே பால் என்பது மட்டுறுத்தும் மாறி. சாரா மாறியின் விளைவு யாருக்குக் கூடும், யாருக்குக் குறையும், யாருக்குத் திசை மாறும் என்பதை அது காட்டுகிறது. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அந்தப் பெண்பிள்ளைகள் கண்ணுக்கே தெரிந்திருக்க மாட்டார்கள்.

இதோடு இன்னொன்றைப் போட்டுக் குழப்புவார்கள்: இடையீட்டு மாறி. அது விளைவு எந்த வழியாக நடந்தது என்பதைச் சொல்வது. பாட்டு கவனத்தைச் சிதறடிக்க, சிதறிய கவனத்தால் சொல் மறந்தால், கவனம் இடையீட்டு மாறி.

பரீட்சைக்கு வரும் என்பதால் மாறிகளை அளக்கும் அளவுத்திட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946இல் நான்கு வகை சொன்னார். ஊர்ப் பெயர் போல வெறும் பெயரிடுதல். வகுப்பில் முதலாம், இரண்டாம் பிள்ளை என்ற வரிசை. செல்சியஸ் வெப்பநிலை போல இடைவெளி சமமானது. சொல் எண்ணிக்கை போல உண்மையான பூச்சியம் உள்ள விகிதம். எந்தக் கணக்குச் செய்யலாம் என்பது இதைப் பொறுத்தது.

அவள் அடுத்த மாதம் திரும்ப வந்தாள். இந்த முறை இரண்டு வகுப்பையும் கலந்து, பிஸ்கற் ரின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கி, பக்கத்துப் பக்கத்து அறைகளில் இரண்டாம் பாடத்திலேயே செய்திருந்தாள். வாசிப்பைப் போனில் பதிவுசெய்து இரண்டு அறையிலும் அதையே போட்டிருந்தாள். எழுத்துப்பிழைக்கான விதி முதல் பக்கத்திலேயே இருந்தது. வித்தியாசம் ஒரு சொல் அளவுக்குக்கூட இல்லை.

"ஒண்டும் வரல்ல மிஸ். இத எப்படிக் குடுக்கிற?"

"வந்தத அப்படியே எழுது புள்ள. போன முறை வந்ததயும் ஏன் விட்ட எண்டு எழுது."

கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தவள் பேனையை வைத்தாள். "மிஸ், பாட்டு ஆம்புளப் புள்ளைகளுக்குத்தான் பிடிச்சிருந்திச்சு. பொம்புளப் புள்ளைகள் காத மூடிக்கொண்டு இருந்தாங்க. பிடிச்ச பாட்டா இல்லையா எண்டதயும் கேட்டிருக்கணுமோ?"

புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, மேலே திகதியைப் போட்டாள்.